மரையாணிக்கும் ஓர் அளவு உண்டு

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே, வானம் பார்த்த கரிசல் பூமியின் நடுவில், மல்லாங்கிணறு என்னும் ஊர் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே மதுரை விமான நிலையம் அதிகத் தூரமில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஆங்கிலேயரின் ஆகாயப் படை உபயோகித்த அந்தத் தளத்துக்கு இன்று சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பிரயாணி விமானங்கள் வந்து போகின்றன. காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இரைச்சல் கேட்டுத் தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள். பறக்கும் விமானத்தின் இறக்கை தெரிகிறது, வால் தெரிகிறது, வெயிலில் பளபளக்கும் வயிறு தெரிகிறது. அவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பிடித்து நிறுத்தியிருக்கும் போல்ட்டும் நட்டும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. நாம் இங்கே சொல்ல வந்தது அவற்றைப் பற்றித்தான். அவற்றை எவ்வளவு இறுக்க வேண்டும், அந்த அளவு சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதே விஷயம்.

இதில் என்ன பிரமாதம் இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். "பலமாக முடுக்கிவிட்டால் போயிற்று!" என்பது நம்மில் பலருடைய சித்தாந்தம். சைக்கிள் கடையிலும் பம்ப்செட்டுக் கொட்டகையிலும் அது ஓரளவு செல்லுபடியாகிறது. ஆகாயத்தில் செல்லுபடியாவதில்லை.

வெள்ளிக்கோலும் ஸ்பானரும்

விருதுநகர் மார்க்கெட்டின் பழைய நாட்களை அறிந்தவர்களுக்கு வெள்ளிக்கோலைப் பற்றி விளக்க வேண்டுவதில்லை. இப்போது எங்கும் மின்சாரத் தராசு வந்துவிட்டபடியால் இளைஞர் பலர் அதைப் பார்த்தே இராமலும் இருக்கலாம். தட்டுக்குத் தட்டு படிக்கல் வைக்கிற தராசு அல்ல அது. பிடிக்கும் பளுவுக்கும் இடையே உள்ள தூரத்தை மாற்றியே சரக்கின் நிறையைக் காணுகிற கோல். பிடியிலிருந்து தூரம் கூடக் கூட, சின்னஞ்சிறு எடையும் பெரிய மூட்டையைச் சமாளித்து நிற்கும். ஏற்றம் இறைத்த நம் பாட்டனார்களும் இதே ரகசியத்தைக் கொண்டுதான் கிணற்று நீரை மேலே கொண்டு வந்தார்கள்.

பளுவையும் தூரத்தையும் பெருக்கினால் வருவதுதான் முறுக்கு விசை. பட்டறைகளில் இதை 'டார்க்' என்று சொல்லுகிறார்கள். இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ஸ்பானரைப் படுக்கை வசமாக நட்டில் மாட்டி, அதன் முனையில் மூன்று கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால், நட்டின்மேல் ஏறக்குறைய ஆறு நியூட்டன்-மீட்டர் முறுக்கு விழுகிறது. சிறு விமானங்களில் சர்வ சாதாரணமாக உபயோகமாகும் கால் அங்குலப் போல்ட்டு ஒன்றுக்கு வழக்கமாக விதித்திருக்கும் அளவு 50 முதல் 70 பவுண்டு-அங்குலம். அதாவது சுமார் 5.6 முதல் 7.9 நியூட்டன்-மீட்டர். நமது அரிசிப் பை அந்த எல்லைக்குள் கச்சிதமாக அடங்குகிறது. கையில் வலுவுள்ள ஒரு வாலிபன் அதே ஸ்பானரை ஒரு வேகத்தில் இழுத்தால் இதைப் போல் ஐந்து மடங்கு சுலபமாகப் போய்விடும். போல்ட்டு அப்போதே முறியலாம். முறியாமல் உள்ளுக்குள் இளகி நின்று, பிறகு ஒருநாள் ஆகாயத்தில் முறிவது அதைவிடப் பொல்லாதது.

இறுக்கினால் போல்ட்டுக்கு என்ன நேருகிறது? அது நீளுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான். ஆனாலும் நிச்சயமாக நீளுகிறது. நீண்ட போல்ட்டு, இழுத்துக் கட்டிய தம்பூராத் தந்தியைப் போல, திரும்பவும் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் ஆவல்தான் இரண்டு தகடுகளையும் ஒன்றோடொன்று நெரித்துப் பிடிக்கிறது. தம்பூராவின் பிருடையை அதிகமாகத் திருகினால் தந்தி அறுந்துவிடும். குறைவாகத் திருகினால் சுருதி சேராது. சுருதி சேராத தம்பூராவால் பாடகருக்குத்தான் சங்கடம். தளர்ந்த போல்ட்டினால் வரும் சங்கடம் வேறு. விமானத்தின் உறுப்புகள் பறக்கும்போது ஓயாமல் அதிர்கின்றன. நன்றாக நெரித்துப் பிடித்த இணைப்பில் அந்த அதிர்ச்சியின் பெரும் பாகத்தைத் தகடுகளே வாங்கிக்கொள்ளும்; போல்ட்டுக்கு அது அதிகமாகத் தெரியாது. இணைப்புத் தளர்ந்திருந்தாலோ, ஒவ்வோர் அதிர்ச்சியும் போல்ட்டின்மேலேயே விழுந்து, கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பது போல, அதை நாளடைவில் களைப்படையச் செய்து ஒடித்துவிடுகிறது. ஆகவே, 'கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் பாதகமில்லை' என்பதும், 'கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதான்' என்பதும் ஒரே மாதிரித் தப்பு.

எண்ணெய் செய்கிற வேலை

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நாம் ஸ்பானரில் போடுகிற முயற்சி முழுவதும் போல்ட்டை நீட்டுவதற்குப் போகிறது என்று நினைத்தால் ஏமாந்து போவோம். நூறு பங்கு முறுக்கில் ஏறக்குறைய ஐம்பது பங்கு நட்டின் அடிப்புறம் தகட்டில் உராய்வதிலேயே தீர்ந்துவிடுகிறது. மற்றொரு நாற்பது பங்கு மரைகள் ஒன்றோடொன்று உராய்வதில் போகிறது. மிச்சம் பத்துப் பங்குதான் நமக்கு வேண்டிய காரியத்தைச் செய்கிறது! சர்க்கார் ஒதுக்கும் பணத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்.

உராய்வு இவ்வளவு பங்கைத் தின்பதனால், மரையில் எண்ணெய் பட்டால் கணக்கே மாறிவிடுகிறது. உலர்ந்த மரைக்கு விதித்த அளவில் எண்ணெய் தடவிய மரையை முடுக்கினால், உராய்வில் மிஞ்சியதெல்லாம் போல்ட்டின் தலையில் விழுந்து அதை மிதமிஞ்சி நீட்டிவிடும். துருவும் அழுக்கும் ஏறிய மரையில் இதற்கு நேர்மாறானது நடக்கும். கருவி சரியான அளவைக் காட்டும், இணைப்பு தளர்ந்தே இருக்கும். விமானத்தைச் செய்தவர் எழுதிய கைப்புத்தகத்தில் மரை உலர்ந்திருக்க வேண்டுமா, எந்த மசகு பூச வேண்டும் என்று தனியாகக் குறித்திருப்பது இதனால்தான். தானாகவே பூட்டிக்கொள்ளும் நட்டுகள் வேறு இருக்கின்றன. அவை தகட்டைத் தொடுவதற்கு முன்பே மரையில் இறுக்கமாகத் திரும்பும். அந்த வெறும் திருப்பத்துக்கு எவ்வளவு முறுக்கு வேண்டியிருக்கிறது என்று முதலில் அளந்து, அதை விதித்த அளவோடு கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்ட மறந்தால் இணைப்புத் தளர்ந்துபோகும்.

கருவியின் கதை

இந்த அளவைக் கையால் உணர்ந்து சொல்லிவிடலாம் என்று நம்புகிற பழுத்த மெக்கானிக்குகள் எல்லாத் தேசத்திலும் உண்டு. கைப்பழக்கத்தை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் கை காலையில் ஒரு மாதிரியும் இரவு இரண்டு மணிக்கு ஒரு மாதிரியும் இருக்கிறது. இதை முதலில் உணர்ந்தவர்கள் ஆகாயத்தில் பறந்தவர்கள் அல்ல. பூமிக்கு அடியில் குழாய் பதித்தவர்கள்! நியூயார்க் நகரத்தின் தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர், நிலத்தடிக் குழாய்களின் போல்ட்டுகள் மிதமிஞ்சி முடுக்கப்படுவதைத் தடுப்பதற்காக 1918-ல் இத்தகைய கருவியை உண்டாக்கினார் என்று சொல்லப்படுகிறது. முறுக்கை அளக்கும் ஸ்பானருக்கு முதன் முதல் 1931-ல் உரிமை கோரியவர் ஜான் ஷார்ப் என்னும் மற்றோர் அமெரிக்கர். வேண்டிய அளவு வந்ததும் சப்தம் செய்து அறிவிக்கிற கருவிக்கு 1935-ல் பாரும் அவருடைய கூட்டாளியும் உரிமை பெற்றார்கள்.

பட்டறையில் 'டார்க் ரெஞ்சு' என்று வழங்கும் இக்கருவியில் பல ஜாதி உண்டு. ஒன்றில் கைப்பிடித் தண்டே சிறிது வளையும். பக்கத்திலுள்ள முள் வளைவைக் காட்டும். இன்னொன்றில் கடிகாரம் போன்ற முகப்பு இருக்கிறது. இன்று அதிகமாகப் புழங்குவது மூன்றாவது ஜாதி. கைப்பிடியைத் திருகி வேண்டிய எண்ணில் வைத்தால், உள்ளே ஒரு சுருள்வில் அதற்குத் தக்கபடி அமுங்கி நிற்கும். நட்டில் அந்த முறுக்கு ஏறியதும் உள்ளிருக்கும் பிடி நழுவி 'கிளிக்' என்று ஓசை கேட்கும். கையிலும் ஒரு சிறு உதறல் தெரியும். அத்துடன் நிறுத்திவிட வேண்டும். "எதற்கும் இன்னொரு தடவை" என்று மறுபடியும் இழுப்பவர்கள் கருவி எதற்காக இருக்கிறது என்பதையே மறந்தவர்கள்.

நிதானமாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ஓசை வருவதற்குள் அளவு தாண்டிவிடும். கையைக் கைப்பிடியின் மத்தியில் வைக்க வேண்டும். நட்டைக் கழற்றுவதற்கு இக்கருவியை உபயோகிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சுருள்வில்லைக் கருவியின் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்திப் பெட்டியில் வைக்க வேண்டும். அமுக்கியபடியே மாதக் கணக்கில் கிடந்தால் வில் சோர்ந்துவிடும். கை தவறிக் கீழே விழுந்தால், வெளியே ஒரு கீறலும் இல்லாவிட்டாலும், சோதித்துப் பார்க்காமல் அதை மறுபடி தொடக் கூடாது. சுத்தியலைப் போல் தோற்றமளித்தாலும் இது ஜாதியில் கைக்கடிகாரத்தைச் சேர்ந்தது.

நட்டு எட்டாத மூலையில் இருந்தால் கருவியின் முனையில் ஒரு நீட்டிப்பை மாட்டுகிறார்கள். அப்போது வெள்ளிக்கோல் கணக்கு மறுபடி வந்துவிடுகிறது. கருவியின் நீளம் 40 சென்டிமீட்டர், அதே நேர்கோட்டில் மாட்டிய நீட்டிப்பு 10 சென்டிமீட்டர், நட்டுக்கு வேண்டிய அளவு 100 நியூட்டன்-மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கருவியில் நூறு வைத்தால் நட்டில் விழுவது 125. ஆகவே நூறை நாற்பதால் பெருக்கி ஐம்பதால் வகுத்து, 80-ல் வைக்க வேண்டும். நீட்டிப்பைக் கைப்பிடிக்குச் செங்கோணமாக மாட்டினால் இந்தத் திருத்தம் வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் நடுநிசியில், மழையில், ஏணிமேல் நின்றுகொண்டு போட வேண்டிய கணக்கு. அளவுப் பெயர்களிலும் பொறி இருக்கிறது. பவுண்டு-அடி என்று எழுதியிருப்பதைப் பவுண்டு-அங்குலம் என்று படித்துவிட்டால் பிழை பன்னிரண்டு மடங்கு.

17,300 அடி உயரத்தில்

கருவி கையில் இருந்தும் காரியம் கெட்ட ஒரு கதையைச் சொல்லாமல் இதைத் தாண்டிப் போக முடியாது. 1990 ஜூன் 10-ந் தேதி காலை, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரிலிருந்து ஸ்பெயின் தேசத்து மாலகாவுக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 81 பிரயாணிகளுடன் கிளம்பிற்று. 17,300 அடி உயரத்தை எட்டியபோது காப்டனுக்கு முன்னாலிருந்த கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. காப்டன் டிம் லங்காஸ்டர் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டு, விமானத்தின் கூரைமேல் மல்லாந்து கிடந்தார். பணியாளர் நைஜல் ஆக்டன் பாய்ந்து அவருடைய இடுப்பைப் பற்றிக்கொண்டார். அவர் கை ஓய்ந்ததும் மற்றவர்கள் காப்டனின் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி அலஸ்டேர் ஆட்சிசன் தன்னந்தனியாக விமானத்தைச் சவுதாம்டனில் இறக்கினார். இறந்துவிட்டார் என்று எல்லோரும் எண்ணிய காப்டன் பிழைத்தார். பிறகு விமானமும் ஓட்டினார்!

அந்தக் கண்ணாடி புதிதாக மாட்டப்பட்டு 27 மணி நேரந்தான் ஆகியிருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் 90. அவற்றில் 84, இருக்க வேண்டியதைவிடக் குறுக்களவில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபத்தாறு பங்கு சிறியவை. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் ஒத்துப் பார்த்தே புதியதைப் பொறுக்கியிருந்தார்கள். நமக்கு இங்கே முக்கியம் வேறொன்று. அந்த வேலையைச் செய்தவர் அளவு மீறாமல் நிறுத்தும் திருப்புளியைத்தான் உபயோகித்தார்; அதை 20 பவுண்டு-அங்குலத்தில் நழுவும்படி அமைத்தும் இருந்தார். ஒவ்வொரு போல்ட்டிலும் கையில் 'கிளிக்' என்று தட்டவே, அளவு வந்துவிட்டது என்று திருப்தியடைந்தார். உண்மையில் அந்தத் தட்டல்களில் பல கருவியின் தட்டல்கள் அல்ல. சிறுத்த போல்ட்டின் மரை, பெரிய நட்டின் மரையில் பிடிபடாமல் வழுக்கி விழுந்த தட்டல்கள். எட்டி நின்று வேலை செய்யும்படி மேடை அமைந்திருந்ததால் போல்ட்டின் தலை அவர் கண்ணுக்கும் சரியாகத் தெரியவில்லை. இரண்டு தட்டலும் கைக்கு ஒன்றாகவே பட்டன. கருவியின்மேல் வைத்த நம்பிக்கையே அன்று கண்ணை மறைத்தது என்று சொல்ல வேண்டும்.

கருவியைச் சோதிப்பது யார்?

நட்டைச் சோதிப்பது கருவி. கருவியைச் சோதிப்பது எது? விமானப் பட்டறையில் ஒவ்வொரு டார்க் ரெஞ்சின்மேலும் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டது, எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். கெடு கடந்த கருவி, பார்வைக்கு எவ்வளவு புதிதாக இருந்தாலும், கருவியே அல்ல. ஐ.எஸ்.ஓ. 6789 என்னும் சர்வதேச விதி, வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து 12 மாதத்துக்கு ஒரு முறையோ 5,000 தடவை முடுக்கியதும், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது, சோதிக்க வேண்டும் என்கிறது. 'கிளிக்' கருவிகளில் பத்து நியூட்டன்-மீட்டருக்கு மேற்பட்டவை நூற்றுக்கு நாலு வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கு மேல் போனால் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

சோதனை செய்வதும் கடினமான வித்தை அல்ல. கருவியை அதன் உச்ச அளவில் சில தடவை இழுத்துப் பழக்குகிறார்கள். பிறகு உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கு, ஐந்தில் மூன்று பங்கு, முழு அளவு ஆகிய மூன்று நிலைகளில் வைத்து, துல்லியமான வேறொரு மானியில் மாட்டிப் பல தடவை இழுத்து, எண்களைக் குறித்துக்கொள்ளுகிறார்கள். அந்த மானி சரிதானா என்று கேட்டால், அதைச் சோதித்த மேலான மானி ஒன்று இருக்கிறது. அதற்கும் மேல் இன்னொன்று. படிப்படியாக ஏறிப் போனால் கடைசியில் புதுடில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலையில் போய் நிற்போம். நமது நாட்டில் மீட்டருக்கும் கிலோவுக்கும் விநாடிக்கும் விசைக்கும் முறுக்குக்கும் இறுதி அதிகாரம் அங்கேதான். அதற்கு மேற்பட்ட கோர்ட்டு இந்தியாவில் இல்லை.

அந்த உச்சியில் முறுக்கை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவலுள்ளவர்கள் மறுபடியும் வெள்ளிக்கோலுக்கே வர வேண்டும். நீளம் துல்லியமாகத் தெரிந்த ஒரு கை. அதன் நுனியில் நிறை துல்லியமாகத் தெரிந்த ஒரு படிக்கல். இரண்டையும் பெருக்கினால் முறுக்கு. ஒரே ஒரு சூட்சுமம் உண்டு. படிக்கல்லைப் பூமி இழுக்கிற வேகம் ஊருக்கு ஊர் மாறுகிறது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க இழுப்புக் குறையும். டில்லியில் தொங்கும் அதே கல், மல்லாங்கிணற்றில் தொங்கினால், ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவாகவே இழுக்கும். மிளகாய் வியாபாரிக்கு இது ஒரு பொருட்டல்ல. அளவைகளின் அதிகாரிக்கு இது பெரிய பொருட்டு; படிக்கல் தொங்கும் இடத்தின் ஈர்ப்பு அவருக்குத் திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

வத்திராயிருப்பிலிருந்து டில்லிக்கு

அந்த ஆராய்ச்சிச் சாலைக்கு ஜவாஹர்லால் நேரு 1947 ஜனவரி 4-ந் தேதி அஸ்திவாரக் கல் நாட்டினார். சுதந்திரம் வருவதற்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. கட்டடம் 1950 ஜனவரியில், நாடு குடியரசாவதற்குச் சில நாட்களுக்கு முன்னால், திறக்கப்பட்டது. அதன் முதல் டைரக்டர் யார்? இன்றைய விருதுநகர் ஜில்லாவின் மேற்குக் கோடியில், மலையடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன்! மல்லாங்கிணறு இந்த ஜில்லாவின் கிழக்குப் பக்கம். வத்திராயிருப்பு மேற்குப் பக்கம். விமானப் பட்டறையில் முடுக்கப்படும் நட்டின் அளவு படியேறிப் போய்ச் சேருகிற வாசலில் முதன் முதல் உட்கார்ந்தவர் இந்தச் சீமைக்காரர் என்பது இவ்வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களிலேனும் சொல்லப்பட வேண்டாமா?

கிருஷ்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் படித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிலும் கற்று, கல்கத்தாவில் ஸி. வி. ராமனிடம் போய்ச் சேர்ந்தவர். 1928-ல் உலகத்தை வியக்கச் செய்த ராமன் விளைவின் ஆராய்ச்சியில் ராமனுக்கு உடனிருந்தவர். இது பலரும் அறிந்தது. பலர் அறியாதது, அதன் பிறகு டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் செய்த வேலை. படிகங்களின் காந்த குணத்தை அளப்பதற்கு அவர் கைக்கொண்ட சாதனம் முறுக்கு விசையே அன்றி வேறல்ல.

மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றில் சிறு படிகத்தைக் கட்டி, காந்தத்தின் நடுவே தொங்க விடுவார்கள். படிகம் தனக்கு இசைவான ஒரு திசையில் அசையாமல் நிற்கும். இப்போது இழையின் மேல்நுனியை மெதுவாகத் திருக வேண்டும். இழை முறுக்கேறிப் படிகத்தைத் திருப்பப் பார்க்கும். காந்தம் விடமாட்டேன் என்று பிடித்து இழுக்கும். படிகம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுத்து, நாற்பத்தைந்து பாகை திரும்பும் வரை போட்டி நடக்கும். அதற்கு மேல் காந்தத்தின் பிடி தளர்ந்து, படிகம் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கணத்தில் மேல்நுனியை எத்தனை பாகை திருகியிருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டால், படிகத்தின் குணம் கணக்கில் வந்துவிடுகிறது. நமது டார்க் ரெஞ்சு 'கிளிக்' என்று நழுவுவதற்கும் இதற்கும் தத்துவத்தில் வித்தியாசம் அதிகமில்லை. ஒன்று இரும்புத் தண்டு. மற்றது கண்ணுக்குத் தெரியாத இழை. விலையுயர்ந்த யந்திரங்களுக்குக் காத்திராமல் ஓர் இழையையும் ஒரு காந்தத்தையும் வைத்துக்கொண்டு இவ்வளவு நுட்பமாக அளந்தவரையே சுதந்திர இந்தியாவின் அளவைகளுக்குத் தலைவராக நியமித்தது நல்ல யோசனை என்று நாம் கருதுகிறோம். 1961-ல் காலமாகும் வரையில் அவர் அந்தப் பதவியிலேயே இருந்தார்.

அவர் காலத்திலேதான் 1956-ல் எடைகள் அளவைகள் சட்டம் வந்தது. சேரும் வீசையும் மணங்கும், ஊருக்கு ஊர் வேறுபட்ட மரக்காலும் படியும் போய், கிலோவும் லிட்டரும் வந்தன. டில்லி ஆராய்ச்சிச் சாலையில் 57 என்ற எண்ணிட்ட பிளாட்டினக் கலவைக் கிலோ ஒன்று பத்திரமாக இருக்கிறது. 2019 மே 20-ந் தேதி முதல் உலகத்தின் கிலோவை ஓர் உலோகத் துண்டைக் கொண்டு நிர்ணயிக்காமல், இயற்கையின் மாறாத எண் ஒன்றைக் கொண்டு நிர்ணயிக்கிறார்கள். எண் 57 இன்னும் தன் பெட்டியில் இருக்கிறது.

நம்மவர் கைகள்

1932 அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். நமது விமானப் போக்குவரத்து இப்படி இரண்டு சிறு 'பஸ் மாத்' விமானங்களோடு பிறந்தது. 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை ஸ்தாபித்தார். யுத்த காலத்தில் அங்கே நேச நாட்டு விமானங்களைப் பழுது பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் விமானத்தைத் தொட்டறியாத நம் நாட்டுத் தொழிலாளிகள். இன்று தாம்பரத்தில் ஆகாயப் படையின் யந்திரப் பயிற்சிச் சாலையும், சூலூரில் அதன் பழுதுபார்ப்பு நிலையமும் இருக்கின்றன. பிரயாணி விமானங்களைப் பழுது பார்க்கும் உரிமைச் சீட்டு, சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரலின் இலாகா நடத்தும் பரீட்சைகளில் தேறியவர்களுக்குத்தான் கிடைக்கிறது. அவர் கையெழுத்திடாமல் விமானம் கிளம்ப முடியாது. காப்டனுக்கு நான்கு தங்கப் பட்டையும் சல்யூட்டும் கிடைக்கின்றன. இவருடைய பெயர் பிரயாணிகளில் ஒருவருக்கும் தெரியாது.

2024 ஜனவரி 5-ந் தேதி அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மாக்ஸ் 9 விமானம் ஏறக்குறைய 16,000 அடியில் பறக்கையில், கதவுக்குப் பதிலாக அடைத்திருந்த பலகை பறந்து போயிற்று. அதைப் பிடித்து வைக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள், தொழிற்சாலையை விட்டு விமானம் வெளிவந்தபோதே மாட்டப்படாதிருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. அந்தச் சமயத்தில் நமது நாட்டிலும் மாக்ஸ் ரக விமானங்கள் சோதிக்கப்பட்டன. ஒன்றில் ஒரு வாஷர் இல்லாதிருந்தது கண்டுபிடிக்கப்பட்டுச் சரி செய்யப்பட்டது. ஒரு வாஷர்தானே என்று சொல்லுகிறவர்களை விமான நிலையத்தின் வேலிக்கு வெளியே வைப்பது க்ஷேமம்.

மேல்நாட்டில் மாத்திரம் இத்தகைய அசட்டை உண்டு என்று நாம் மார்தட்டிக்கொள்வதில் பயனில்லை. புறப்படும் நேரம் நெருங்கிவிட்டது, பிரயாணிகள் உட்கார்ந்துவிட்டார்கள், கெடு கடக்காத கருவி அடுத்த கொட்டகையில் இருக்கிறது. கையிலிருப்பதோ முந்தாநாள் கெடு கடந்தது. "இரண்டு நாளில் என்ன கெட்டுவிடும்?" என்று மேலே இருப்பவரே கேட்கிறார். பெரும்பாலும் ஒன்றும் கெடாது என்பதும் உண்மைதான். அந்த உண்மையே ஆபத்து. சிவகாசி வட்டாரத்தில் மருந்து கலக்கும் அறையில் இவ்வளவுக்கு மேல் மருந்து இருக்கக் கூடாது, இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, பொறி பறக்கும் இரும்புக் கருவி கூடாது என்றெல்லாம் விதி இருக்கிறது. பத்து நாள் மீறினால் ஒன்றும் ஆகாமலிருக்கலாம். பதினோராம் நாள் என்ன ஆகும் என்பதை இந்த ஜில்லாவுக்கு யாரும் பத்திரிகையில் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. எதிர் வீட்டிலும் அடுத்த தெருவிலும் இருக்கிறார்கள், தெரிந்தவர்கள்.

ஆகவே, கெடு கடந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு, விமானத்தை அரை மணி நேரம் நிறுத்தி வைக்கிற மெக்கானிக்கைத் திட்டுவதற்கு முன் பிரயாணிகள் சற்று யோசிக்க வேண்டும். அவரை விரட்டுகிற முதலாளிகள் அதிகமாகவே யோசிக்க வேண்டும். நமது தேசம் விமானத்தை வெளியிலிருந்து வாங்கலாம்; டார்க் ரெஞ்சையும் ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வாங்கலாம். அதன் சீட்டிலுள்ள தேதியை மதிக்கிற புத்தியை எங்கிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது.

இந்தத் தொழிலுக்குப் போக விரும்பும் இளைஞர்கள் இவ்வட்டாரத்தில் கணிசமாக இருப்பார்கள். மேல்நிலை வகுப்பில் பௌதிகம், ரஸாயனம், கணிதம் மூன்றையும் படித்துத் தேறியிருப்பது அவசியம். சேருகிற பள்ளி டைரக்டர் ஜெனரலின் அங்கீகாரம் பெற்றதுதானா என்று அந்த இலாகாவின் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் விமானப் படம் போட்டிருப்பது அங்கீகாரமாகாது. பணம் கட்டுவதற்கு முன் பள்ளியின் பட்டறைக்குள் ஒரு தடவை போய், சுவரில் மாட்டியிருக்கும் டார்க் ரெஞ்சுகளின் சீட்டில் என்ன தேதி எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வருவதும் நல்லது.